தந்திக் கம்பியும் இணைய வலையும்

நேற்று வியப்பாக இருந்த பொருள் இன்று வசதியாகிறது. இன்று வசதியாக இருப்பது நாளை இன்றியமையாததாகி விடுகிறது. மனிதன் தன் அறிவால் ஆக்கிக்கொண்ட கருவிகளின் வரலாறு பெரும்பாலும் இம்மூன்று படிகளில் அடங்கும். நம் நாட்டில் இன்று புகைவண்டியில் இடம் பெறுவதும், வங்கியில் இட்ட பணத்தை எடுப்பதும், காய்கறிக்காரிக்குக் காசு கொடுப்பதும், நியாயவிலைக் கடையில் அரிசி வாங்குவதும், பிள்ளையைக் கல்லூரியில் சேர்ப்பதும் கைப்பேசியையும் அதற்குப் பின்னே கண்ணுக்குப் புலனாகாது விரிந்து கிடக்கும் இணையத்தையும் சார்ந்து நடைபெறுகின்றன. இவ்வளவு சார்ந்திருத்தல் நன்றோ என்று ஒரு சாரார் கவலுகின்றனர். முன்னேற்றத்தைக் கண்டு அஞ்சுவதா என்று மற்றொரு சாரார் நகைக்கின்றனர். இச்சார்பு நேற்றோ முந்தாநாளோ பிறந்ததன்று என்பதை இரு சாராரும் மறந்து விடுகின்றனர். ஏறத்தாழ 170 ஆண்டுகளாக நாம் ஒரு கம்பியின் மீது நம் வாழ்வைச் சிறிது சிறிதாக ஏற்றி வைத்து வந்திருக்கிறோம்.

ஆகவே, கருவி நல்லதா தீயதா என்று வழக்காடுவதனால் பயன் விளையாது. வசதி எந்த இடத்தில், எந்த நாளில், கட்டாயமாக மாறுகிறது என்பதே நாம் ஆராய வேண்டிய கேள்வி. கருவி வந்து சேர்ந்த நாளில் அம்மாற்றம் நிகழ்ந்து விடுவதில்லை. பலரும் அதனைக் கையாளத் தொடங்கிய நாளிலும் நிகழ்வதில்லை. முன்பிருந்த பழைய வழி எந்த நாளில் அடைக்கப்படுகிறதோ, அந்த நாளில்தான் நிகழ்கிறது. புதிய வாயில் திறப்பதை விழா எடுத்துக் கொண்டாடுகிறோம். பழைய வாயில் சாத்தப்படும் ஓசை பலர் செவியிலும் விழுவதில்லை. நம் நாட்டு வரலாற்றிலிருந்து சில நிகழ்ச்சிகளை எடுத்துக்கொண்டு இதனைக் காண்போம்.

கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் வேதியியல் கற்பித்தவர் வில்லியம் ஓஷானசி. மருத்துவராகிய இவர் 1839ஆம் ஆண்டிலேயே கல்கத்தாவில் கம்பி கட்டி, மின்னாற்றலால் செய்தி அனுப்பும் சோதனையைச் செய்து பார்த்தார். அரசினர் அப்பொழுது அதனைப் பெரிதாக மதிக்கவில்லை. பத்தாண்டுகளுக்கு மேல் கழிந்த பின்னர், டல்ஹௌசி பிரபுவின் காலத்தில், கல்கத்தாவுக்கும் டயமண்ட் துறைமுகத்துக்கும் இடையே தந்திக் கம்பி போடப்பட்டது. 1851இல் அது கிழக்கிந்தியக் கம்பெனியாரின் பயனுக்கு வந்தது. அந்தப் பணியில் ஓஷானசிக்கு உற்ற துணையாக நின்றவர் வங்காளத்தைச் சேர்ந்த சிவசந்திர நந்தி. கப்பல் வந்த செய்தியைத் துறைமுகத்திலிருந்து தலைநகருக்கு உடனே தெரிவிப்பதே முதல் நோக்கம். 1853 முதல் கல்கத்தாவை ஆக்ரா, பம்பாய், பெஷாவர், சென்னை ஆகிய நகரங்களோடு இணைக்கும் பெரும்பணி நடந்தது. 1854, 1855ஆம் ஆண்டுகளில் தந்தி பொதுமக்களுக்கும் திறந்து விடப்பட்டது. முகவரி உட்பட 16 சொற்களை 400 மைல் தொலைவுக்கு அனுப்ப ஒரு ரூபாய் கட்டணம். அந்நாளில் ஒரு ரூபாய் எளியவனுக்குச் சில நாள் கூலி. ஆதலால் தந்தி முதலில் அரசினருக்கும் பெருவணிகருக்குமே உரியதாயிற்று.

அரசினர் அதனை எவ்வளவு விரைவில் சார்ந்து விட்டனர் என்பதை 1857 காட்டியது. மே மாதம் 11ஆம் நாள், மீரத்திலிருந்து புறப்பட்ட சிப்பாய்கள் தில்லிக்குள் நுழைந்தனர். தில்லித் தந்தி நிலையத்திலிருந்த இளம் ஊழியர்கள் அம்பாலாவுக்கு அச்செய்தியை அனுப்பினர். அங்கிருந்து அது பஞ்சாப் முழுவதற்கும் பரவியது. ஆங்கிலேய அதிகாரிகள் முன்னெச்சரிக்கை பெற்றனர். அந்த ஊழியர்களுக்காகப் பிற்காலத்தில், 1902இல், தில்லியில் ஒரு நினைவுத்தூண் எழுப்பினர். கிளர்ந்தெழுந்தவர்களும் கம்பியின் வலிமையை உணராமல் இல்லை. அவர்கள் சென்ற இடமெங்கும் தந்திக் கம்பியை அறுத்தனர், கம்பங்களைச் சாய்த்தனர். பொதுமக்களுக்குத் திறந்து மூன்றாண்டுகூட நிரம்பாத ஒரு கருவி! அதற்குள் ஓர் அரசு அதனைத் தன் நரம்பாகக் கொண்டு விட்டது. அதன் எதிரிகள் அதனையே குறி வைத்தனர். சார்பு வளர்வதற்கு நூற்றாண்டுகள் வேண்டுவதில்லை என்பதை இதனால் அறிகிறோம்.

பின்னர்க் கம்பி கடல் கடந்தது. 1864இல் பாரசீக வளைகுடாவில் வடம் இறக்கப்பட்டது. 1865இல் இந்தியாவுக்கும் லண்டனுக்கும் தந்தித் தொடர்பு ஏற்பட்டது. 1870இல் பம்பாயிலிருந்து ஏடன், சூயஸ் வழியாகக் கடலடி வடம் சென்றது. வாரக்கணக்கில் கப்பலில் சென்ற செய்தி நாள்கணக்கிலும், பின்னர் மணிக்கணக்கிலும் செல்லலாயிற்று. லிவர்பூலில் பஞ்சு விலை என்னவென்று அறியாமல் பம்பாய் வணிகர் கொள்முதல் செய்ய இயலாத நிலை உண்டாயிற்று. 1885இல் இயற்றிய இந்தியத் தந்திச் சட்டம், பொது நெருக்கடியின்போதும் பொதுமக்கள் பாதுகாப்பின் பொருட்டும் செய்திகளை நிறுத்தி வைக்கும் அதிகாரத்தை அரசினர்க்கு அளித்தது. இந்தச் சட்டத்தை நேயர்கள் நினைவில் வைத்தல் வேண்டும்; பின்னர் இதனை மீண்டும் காண்போம். 1908இல் தந்தி ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தபொழுது, கல்கத்தா, பம்பாய், இரங்கூன் போன்ற நகரங்களில் வணிகம் தடுமாறியது. தந்தி வருமுன் வணிகம் நடந்ததில்லையா? நடந்தது. ஆயினும் அவ்வாறு நடத்தும் முறையை வணிகர் கைவிட்டு அரை நூற்றாண்டு ஆகியிருந்தது.

இவற்றிற்கிடையில் எளிய மக்களின் நிலை என்ன? அவர்களுக்குத் தந்தி நெடுங்காலம் அச்சத்தின் பெயராகவே இருந்தது. 'தந்தி வந்திருக்கிறது' என்ற சொல்லைக் கேட்டவுடனே, பிரித்துப் படிக்குமுன்பே, வீட்டில் அழுகை எழுந்தது. எனினும் ஒன்றைக் குறித்துக்கொள்ளல் வேண்டும். தந்தி அனுப்புவோன் மோர்ஸ் குறியீட்டை அறிந்திருக்க வேண்டியதில்லை, கருவி ஒன்றைத் தன் வீட்டில் வாங்கி வைத்திருக்க வேண்டியதில்லை, எழுத்தறிவும் கட்டாயமன்று. அஞ்சலகத்து வாயிலில் அமர்ந்து எழுதித் தருவோர் இருந்தனர். குறியீட்டை அறிந்த ஊழியர் உள்ளே இருந்தார். மறுமுனையில் செய்தியை வீடு தேடிக் கொண்டுவந்து, வேண்டுமாயின் படித்தும் காட்டும் சேவகர் இருந்தார். கருவிக்கும் குடிமகனுக்கும் இடையே ஒரு மனிதர் நின்றார். கருவியின் கடுமையை அம்மனிதர் தாங்கிக்கொண்டார்.

கருவியோடு கூடவே வந்த மற்றொரு மாற்றம் காலக்கணக்கு. பழங்காலத்தில் ஒவ்வோர் ஊருக்கும் அதனதன் கதிரவனே கடிகாரம். உச்சி வேளை ஊருக்கு ஊர் சிறிது மாறுபட்டது. அதனால் எவர்க்கும் இடர் நேரவில்லை. 1853 ஏப்ரல் 16ஆம் நாள் பம்பாய்க்கும் தாணேக்கும் இடையே முதல் பயணிகள் வண்டி ஓடிய பின்னர் அந்நிலை நீடிக்க இயலவில்லை. ஒரே பாதையில் ஓடும் வண்டிகளுக்கு ஒரே கடிகாரம் வேண்டும். கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் இடைப்பட்ட தீர்க்கரேகையில் சென்னை அமைந்திருந்தது. 1792இல் நிறுவிய வானாய்வகமும் அங்கிருந்தது. ஆதலின் சென்னை நேரமே இருப்புப்பாதைகளின் பொதுநேரமாயிற்று. தந்தி வழியே அது நிலையங்களுக்கு அறிவிக்கப்பட்டது. பின்னர் 1906 ஜனவரி முதல் நாள், கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி முந்திய இந்தியப் பொதுநேரம் நடைமுறைக்கு வந்தது. சென்னை தன் கடிகாரத்தை ஏறத்தாழ 9 நிமிடம் முன்னே தள்ளிக்கொண்டது. பம்பாய்க்கு வேறுபாடு 39 நிமிடம். அந்நகரம் இதனை எளிதில் ஏற்கவில்லை. ஆலைத் தொழிலாளர் எதிர்த்தனர். நகரம் தன் சொந்த நேரத்தை 1955 வரை விடாது வைத்திருந்தது. கல்கத்தா 1948 வரை வைத்திருந்தது. நாற்பது, ஐம்பது ஆண்டுகள் இரு கடிகாரங்கள் ஒரே நகரில் அருகருகே ஓடின. பழைய வழியை விட்டு நீங்குவதற்கு மக்களுக்குக் கால அவகாசம் கிட்டியது.

தொலைபேசியின் கதையும் கருதத்தக்கது. 1882 ஜனவரி 28ஆம் நாள் கல்கத்தாவில் தொலைபேசி இணைப்பகம் திறக்கப்பட்டது. அதே ஆண்டில் பம்பாயும் சென்னையும் இணைப்பகம் பெற்றன. ஆயினும் நாடு விடுதலை பெற்ற காலத்தில், முப்பது கோடிக்கு மேற்பட்ட மக்களுக்கு ஏறத்தாழ 80,000 தொலைபேசிகளே இருந்தன. 1960இல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே, இடையில் ஊழியர் துணையின்றி நேரே எண்ணைச் சுழற்றிப் பேசும் முறை வந்தது. வீட்டில் தொலைபேசி வேண்டுவோர் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். 1984இல் நிறுவிய சி-டாட் என்னும் அரசு நிறுவனம் நம் நாட்டு வெப்பத்துக்கும் புழுதிக்கும் ஏற்ற சிறிய இணைப்பகங்களை உருவாக்கியது. பின்னர் ஊர்தோறும் மஞ்சள் பலகை தொங்கும் பொதுத் தொலைபேசிக் கடைகள் தோன்றின. ஒரு தெருவுக்கு ஒரு கருவி. அதனைக் காத்து நிற்க ஒரு கடைக்காரர். எண்ணைச் சுழற்றத் தெரியாதார்க்கு அவரே சுழற்றித் தந்தார்.

வானொலியும் நம் நாட்டில் அவ்வாறே வேரூன்றியது. சென்னை மாநகராட்சியின் ஒலிபரப்பு 1930இல் தொடங்கியபொழுது, கருவி வாங்க இயலாதார் பூங்காக்களில் வைத்த ஒலிபெருக்கியின் கீழ் அமர்ந்து கேட்டனர். 1956இல் புனா வானொலி, 150 ஊர்களில் வேளாளர் குழுக்களை அமைத்து, ஒன்றாகக் கேட்டு ஒன்றாக விவாதிக்கச் செய்தது. 1975, 1976ஆம் ஆண்டுகளில் ஆறு மாநிலங்களைச் சார்ந்த ஏறத்தாழ 2,400 சிற்றூர்களில், செயற்கைக்கோள் வழியே வந்த தொலைக்காட்சியை ஊரார் ஒரு பெட்டியின் முன் கூடிக் கண்டனர். ஏழைநாடு கருவியைப் பகிர்ந்துகொண்டது. பகிர்ந்த கருவி எவரையும் வெளியே நிறுத்தவில்லை.

இனி, பழைய வாயில் சாத்தப்பட்ட ஒரு நிகழ்ச்சியைக் காண்போம். கருநாடக மாநிலத்தில் நிலவுரிமைப் பதிவேடுகள் நெடுங்காலம் சிற்றூர்க் கணக்கர்களின் கையில் இருந்தன. அவர்கள் கையால் எழுதித் தரும் படியே உழவனுக்குக் கடன் பெறவும் வழக்காடவும் சான்று. படி பெறக் கணக்கரைத் தேடி அலைய வேண்டும். கையூட்டும் கொடுக்க வேண்டும். 2000ஆம் ஆண்டை ஒட்டி, 'பூமி' என்னும் திட்டத்தின் கீழ், 67 லட்சம் உழவர்களுக்குரிய 2 கோடிப் பதிவுகள் கணிப்பொறியில் ஏற்றப்பட்டன. வட்ட அலுவலகத்தில் 15 ரூபாய் செலுத்தினால், அச்சிட்ட படி அங்கேயே கைக்குக் கிட்டியது. கணிப்பொறி வழங்கும் நிலையம் திறந்த வட்டங்களில், கையால் எழுதிய படி சட்டப்படி செல்லாது என்றும் ஆணை பிறந்தது. இதனால் விளைந்த நன்மையை மறுத்தற்கில்லை. கையூட்டு குறைந்தது, காலம் மிஞ்சியது. அதே வேளையில் ஊரிலேயே கிட்டிய ஒன்றுக்காக உழவன் வட்டத் தலைநகருக்குச் செல்ல வேண்டியதாயிற்று. மின்சாரம் நின்ற நாளில் அவன் திரும்பி வருவதைத் தவிர வேறு வழியில்லை. நலமும் சார்பும் ஒரே ஆணையில் ஒன்றாகப் பிறந்தன.

இணையம் நம் நாட்டில் முதலில் கல்வி நிலையங்களுக்கும் ஆராய்ச்சிக் கூடங்களுக்கும் உரியதாக, 1986இல் தொடங்கிய எர்நெட் திட்டத்தின் வழியே வந்தது. 1995 ஆகஸ்டு 15ஆம் நாள், விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனம் பெருநகரங்களில் அதனைப் பொதுமக்களுக்கு வழங்கத் தொடங்கியது. அதற்குச் சின்னாள் முன்னர், ஜூலை 31ஆம் நாள், கல்கத்தாவிலிருந்து ஜோதி பாசு அவர்கள் மத்திய அமைச்சர் சுக்ராம் அவர்களுடன் கைப்பேசியில் முதன்முதலாகப் பேசினார். 2002 ஆகஸ்டு மாதத்தில் புகைவண்டிச் சீட்டை இணைய வழியே பதிவு செய்யும் முறை வந்தது. இன்று முன்பதிவுச் சீட்டுகளில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் அவ்வாறே பெறப்படுகின்றன. அதிகாலையில் நிலையத்து வரிசையில் கால் கடுக்க நின்ற நாள்களை அறிந்தவர் எவரும் இதனைப் பழிக்கத் துணியார். எனினும் இணையத்திலிருப்போர் நொடிப்பொழுதில் இடங்களை எடுத்துக்கொள்ளுகையில், வரிசையில் நிற்பவருக்கு எஞ்சுவது குறைவு. கவுண்டர் திறந்தே இருக்கிறது. அதன் பயன் மட்டும் தேய்ந்து வருகிறது. வாயிலைச் சாத்தாமலே குறுக்கி விடுவதும் உண்டு என்பதற்கு இது சான்று.

பணத்தின் கதை இன்னும் விரைவானது. 2016 ஏப்ரலில் யு.பி.ஐ. என்னும் பணப்பரிமாற்ற முறை தொடங்கியது. அவ்வாண்டு செப்டம்பரில் கைப்பேசி இணையத்தின் விலை பெரிதும் வீழ்ந்தது. நவம்பர் 8ஆம் நாள் இரவு 500 ரூபாய், 1,000 ரூபாய்த் தாள்கள் செல்லா என்று அறிவிப்பு வந்தது. புழக்கத்திலிருந்த பணமதிப்பில் 86 விழுக்காடு அத்தாள்களில் இருந்தது. கையில் காசில்லாத வாரங்களில் மக்கள் கைப்பேசியை நாடினர். இன்று தள்ளுவண்டிக்காரரும் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் அச்சிட்ட ஓர் அட்டையை முன்னே தொங்கவிட்டிருக்கிறார். 2025 ஆகஸ்டு மாதத்தில் மட்டும் 2,000 கோடிக்கு மேற்பட்ட பரிமாற்றங்கள் இம்முறையில் நடந்தன. சில்லறை இல்லையென்று மிட்டாய் கொடுத்த காலம் போயிற்று. வங்கிக்குச் சென்றறியாத பலருக்கு அன்றாட வரவு செலவின் பதிவு கிடைத்தது. இவை சிறு நன்மைகள் அல்ல. ஆனால் 2025 மார்ச் 26ஆம் நாளும் ஏப்ரல் 12ஆம் நாளும் இம்முறை சில மணிநேரம் பழுதுற்றபொழுது, நாடெங்கும் கடைகளின் முன் மக்கள் திகைத்து நின்றனர். மடியில் பத்து ரூபாய்த் தாள் வைத்திருக்கும் வழக்கத்தைப் பலர் விட்டு விட்டிருந்தனர்.

கருவி பழுதுறுவது ஒருபுறம். கருவியில்லாதார் நிலை மற்றொரு புறம். 2021 மே முதல் நாள், 18 வயதுமுதல் 44 வயது வரையுள்ளோர்க்குக் கொள்ளைநோய்த் தடுப்பூசி போடத் தொடங்கினர். அதற்கு இணையத்தில் பதிவு செய்தல் கட்டாயம் என்றனர். கைப்பேசியில் விரைந்து தட்டத் தெரிந்தவர்க்கு இடம் கிடைத்தது. ஆங்கிலம் அறியாதவரும், இணையம் எட்டாத மலையூராரும் வெளியே நின்றனர். இதனை அம்மாத இறுதியில் உச்ச நீதிமன்றம் சுட்டிக்காட்டி வினவியது; நேரில் வருவோர்க்கும் ஊசி போடலாம் என்று அரசு வழியைத் தளர்த்தியது. உயிர் காக்கும் மருந்து இருந்தும், அதனை அடையும் வழி சில வாரங்களுக்குப் பலர்க்கு அடைபட்டிருந்தது என்பதை நாம் மறத்தலாகாது.

ஆதார் அடையாள எண் 2010 செப்டம்பர் 29ஆம் நாள் மராட்டிய மாநிலத்து நந்துர்பார் மாவட்டத்தில் தெம்பிலி என்னும் பழங்குடியினர் ஊரில் முதன்முதல் வழங்கப்பட்டது. இன்று 130 கோடிக்கு மேற்பட்டோர் அதனைப் பெற்றுள்ளனர். கல் உடைத்தும் நாற்று நட்டும் தேய்ந்த விரல்களின் ரேகையைச் சில வேளைகளில் கருவி அறிந்துகொள்வதில்லை. உழைப்பே ஒருவனுக்குத் தடையாகி விடும் கொடுமை அது. 2025 ஏப்ரல் 30ஆம் நாள் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு ஒன்று இவ்வகையில் நினைக்கத்தக்கது. அமிலத் தாக்குதலுக்கு ஆளானோரும் பார்வையற்றோரும் அவ்வழக்கைத் தொடுத்தனர். வங்கிக் கணக்குக்கு அடையாளம் காட்டுகையில், கருவியின் முன் கண் சிமிட்ட வேண்டும் என்றனர். இமையை இழந்தவர் எவ்வாறு சிமிட்டுவது? கண் சிமிட்டல் ஒன்றையே சான்றாகக் கொள்ளலாகாது, வேறு வழிகளும் இருத்தல் வேண்டும் என்றும், இவ்வசதிகளை அடைவது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு காக்கும் வாழ்வுரிமையின் பகுதி என்றும் நீதிமன்றம் உரைத்தது.

முன்பு நினைவில் வைக்குமாறு வேண்டிய 1885ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு இப்பொழுது வருவோம். அச்சட்டத்தின் கீழ் 2017இல் விதிகள் வகுத்து, இணையத்தை நிறுத்தி வைக்கும் முறையை அமைத்தனர். 2019 ஆகஸ்டில் ஜம்மு காஷ்மீரில் இணையம் நிறுத்தப்பட்டது. விரைவு குறைந்த இணைப்பு 2020 ஜனவரியில் மெல்ல மீண்டது. முழு விரைவு 2021 பிப்ரவரியில்தான் திரும்பியது. இதற்கிடையே 2020 ஜனவரி 10ஆம் நாள், இணையத்தைக் காலவரையின்றி நிறுத்தலாகாது என்றும், நிறுத்தும் ஆணைகளை வெளியிடல் வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பழைய தந்திச் சட்டத்தின் இடத்தில் 2023இல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் இயற்றப்பட்டது. நிறுத்தும் அதிகாரம் அதிலும் தொடர்கிறது. 1885இல் தந்தியை நிறுத்தினால் சில ஆயிரம் செய்திகள் நின்றன. இன்று இணையத்தை நிறுத்தினால் மாணவன் படிப்பும் வணிகன் கொள்முதலும் நோயாளியின் மருத்துவமும் ஒருங்கே நிற்கின்றன. அதிகாரம் அதே அளவில் இருக்கிறது. அதன் எடை பன்மடங்கு பெருகிவிட்டது.

கடலடியில் கிடக்கும் வடங்களின் நிலையும் இத்தகையதே. 2008 ஜனவரி 30ஆம் நாள் எகிப்து நாட்டு அலெக்சாந்திரியாவுக்கு அருகே வடங்கள் அறுந்தபொழுது, இந்தியாவின் இணையத் தொடர்பில் பாதியளவு குன்றியது. 1870இல் சூயஸ் வழியே செப்புக்கம்பி சென்றது. இன்று கண்ணாடி இழை ஏறத்தாழ அதே வழியில் செல்கிறது. வான்வழியே வருவதாக நாம் எண்ணும் இணையம், கப்பலின் நங்கூரம் அறுத்துவிடக்கூடிய ஒரு வடத்தைப் பற்றிக்கொண்டு வருகிறது.

2024 ஜூலை 19ஆம் நாள், உலகெங்கும் கணிப்பொறிகள் ஒரு பாதுகாப்பு மென்பொருளில் நேர்ந்த பிழையால் செயலற்றுப் போயின. நம் நாட்டு விமான நிலையங்களிலும் பயணிகள் குவிந்து நின்றனர். அப்பொழுது என்ன செய்தனர்? ஊழியர் பேனாவை எடுத்து, பயணியின் பெயரையும் இருக்கை எண்ணையும் கையால் எழுதிச் சீட்டு வழங்கினர். 'ஓடமும் ஒருநாள் வண்டியில் ஏறும். வண்டியும் ஒருநாள் ஓடத்தில் ஏறும்' என்பது நம் பழமொழி. அன்று விமானங்கள் புறப்பட்டதற்குக் காரணம், பழைய முறையில் பணி செய்யத் தெரிந்த மனிதரும், அவ்வாறு செய்ய இடங்கொடுக்கும் விதியும் இன்னும் எஞ்சியிருந்ததே.

தந்தி மறைந்த விதம் நமக்கு ஒரு பாடமாக அமைகிறது. 2013 ஜூலை 14ஆம் நாள் இரவோடு நம் நாட்டில் பொதுமக்களுக்குரிய தந்திப் பணி முடிவுற்றது. கடைசி நாளில் நினைவுக்காகத் தந்தி அனுப்ப மக்கள் கூட்டமாக வந்தனர். நேரே எண் சுழற்றும் தொலைபேசி 1960இல் வந்தது. இணையமும் கைப்பேசியும் 1995இல் வந்தன. இவை மூன்றும் வந்த பின்னரும் தந்தி நிலையங்கள் திறந்தே இருந்தன. தேவை தானே வற்றிய பின்னரே வாயில் சாத்தப்பட்டது. அதனால் எவரும் வெளியே நிற்கவில்லை. பம்பாயின் பழைய கடிகாரமும் அவ்வாறே நின்றது. தடுப்பூசிப் பதிவிலோ, புதிய வழி திறந்த அன்றே அதுவே ஒரே வழியும் ஆயிற்று. மறைவது தவறன்று, எல்லாக் கருவிகளும் ஒருநாள் மறையும். எந்த வேகத்தில், எவரை உள்ளே விட்டு, எவரை வெளியே நிறுத்தி மறைகிறது என்பதே நாம் காண வேண்டியது.

ஆகவே புதிய கருவியை வேண்டாவென ஒதுக்குதல் பேதைமை. அது ஏழைக்கும் நன்மை செய்திருக்கிறது, இனியும் செய்யும். ஆனால் ஓர் அலுவலகமோ வங்கியோ மருத்துவமனையோ 'இனி இணையத்தில் மட்டும்' என்று அறிவிக்குமானால், அப்பொழுது நாம் மூன்று கேள்விகளைக் கேட்டாக வேண்டும். கருவி இல்லாதவர் எங்குச் செல்வார்? கருவி பழுதுற்ற நாளில் பணி எவ்வாறு நடக்கும்? அறியாதவர்க்கு உதவ அங்கே ஒரு மனிதர் இருப்பாரா? இம்மூன்றுக்கும் தக்க விடை இருப்பின், சார்ந்திருத்தலால் கேடில்லை. விடை இல்லையெனில், எவ்வளவு விரைவான கருவியாயினும் அது சிலர்க்கு மட்டுமே உரிய வாகனம்.

வீடுகளிலும் நாம் செய்யத்தக்கன உள. முக்கியமான தொலைபேசி எண்கள் சிலவற்றை ஏட்டில் எழுதி வைத்தல், சிறிது பணம் கையில் வைத்திருத்தல், சான்றிதழ்களின் தாள்படியைப் பேணுதல், அண்டை வீட்டு முதியவர்க்குப் படிவத்தை நிரப்பித் தருதல் ஆகியன எளிய செயல்களே. இவற்றுள் கடைசியாகக் கூறியது தலையாயது. அந்நாளில் தந்தியைக் கொண்டுவந்து படித்துக்காட்டிய சேவகர் இன்று இல்லை. அவர் நின்ற இடம் வெறுமையாக இருக்கிறது. அவ்விடத்தில் நிற்க வேண்டியவர் நாமே.